பழைய மதர்போர்டு, ராம், கார்டு: எதைக் கழற்றுவது, எதை அப்படியே விடுவது?

புதுத்திருகு:

எல்லோருக்கும் வணக்கம். பழைய கம்ப்யூட்டர் போர்டுகள் கலந்து கிடக்கின்றன. மதர்போர்டு 40, ராம் 2 கிலோ, பிசிஐ, ஏஜிபி கார்டு ஒரு பெட்டி, பிராசசர் 30 (அதில் செராமிக் 6), பவர் சப்ளை 15. மொத்தமாக எடை போட்டால் எல்லாமே மட்ட ரகக் கணக்கில் போய்விடும். எதைக் கழற்றிப் பிரித்தால் உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்கும்? ராம் விரல்களை (ஸ்லாட்டில் செருகும் ஓரத்தில் இருக்கும் தங்க நிறப் பட்டைகளை) வெட்டி எடுக்கலாமா? டான்டலம் என்ற உலோகம் உள்ள மஞ்சள் கெப்பாசிட்டரை எப்படிப் பிடுங்குவது? தங்கத்தை வீட்டிலேயே அமிலத்தில் பிரிக்கலாம் என்கிறார்களே, அது பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:

தம்பி, வேறு எதையும் தொடுவதற்கு முன் 40 போர்டிலும் பேட்டரியைக் கழற்றுங்கள். சிஆர்2032 லித்தியம் காசு பேட்டரி, பக்கத்தில் இருக்கும் சிறு தகட்டைத் தள்ளினால் துள்ளி வரும். கழற்றியதை வெறுமனே டப்பாவில் கொட்டக் கூடாது. ஒன்றன் மேல் ஒன்று உரசினால் ஷார்ட் ஆகிச் சூடாகும், குவியலாக இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். செல்லோ டேப்பில் வரிசையாக ஒட்டி மேலே இன்னொரு டேப் ஒட்டிவிட்டால் போதும்.

அடுத்து இரும்பு. கார்டுகளின் பின்பக்கப் பட்டை, ஹீட் சிங்க் கிளிப், பிராசசர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள தாங்கி, அதன் பின்தகடு எல்லாம் போக வேண்டும். வாங்குபவர் மூட்டைக்குள் கைவிட்டு எடுக்கும் முதல் போர்டில் இரும்பு தொங்கினால், மூட்டை முழுவதையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொள்வார்.

ஹீட் சிங்க்கைப் பார்த்துப் பிரியுங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியம் அல்ல. செம்பின் மேல் நிக்கல் முலாம் பூசியதும் வெள்ளையாகவே தெரியும். கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் மூலையில் அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள், சிவப்புத் தெரிந்தால் செம்பு. அலுமினியத்தின் நடுவே வட்டமாகச் செம்பு பதித்த வகையும் உண்டு. வைஸில் பிடித்து ஒரு சாக்கெட் பிட்டை வைத்துத் தட்டினால் செம்பு தனியே வந்துவிடும். இப்படி ஒட்டியிருக்கிற ஸ்க்ரூ, கிளிப் எல்லாம் நீங்கினால்தான் அலுமினியம் சுத்த அலுமினியமாகப் போகும்.

பழையபலகை:

கழற்றும் முன் ஒரு வார்த்தை. உடைத்தால் திரும்பி வராத பொருள்கள் அந்தக் குவியலில் இருக்கக்கூடும். 386, 486 என்ற பழைய பிராசசர்களுக்கான மதர்போர்டுகள், ஐஎஸ்ஏ (பிசிஐக்கு முந்தைய ஸ்லாட் வகை) சவுண்டு கார்டுகள், வூடூ கிராஃபிக்ஸ் கார்டுகள், செராமிக் பிராசசர்கள் ஆகியவற்றைத் தேடிக்கொண்டிருக்கும் சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு ஐஎஸ்ஏ கார்டுக்கு ஸ்கிராப் எடையில் கிடைப்பதும், ஓடும் நிலையில் முழுதாக விற்றால் கிடைப்பதும் ஒப்பிடவே முடியாதவை.

அடையாளம் எளிது. கறுப்பு நிற நீண்ட ஸ்லாட் ஐஎஸ்ஏ. வெள்ளை நிறக் குட்டை ஸ்லாட் பிசிஐ. போர்டில் பிசிஐ மட்டும் இருந்தால் பரவாயில்லை, கறுப்பு நீண்ட ஸ்லாட் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். எல்ஜிஏ775 (பின்கள் பிராசசரில் இல்லாமல் சாக்கெட்டில் இருக்கும் வகை) போர்டுகளும் இன்னும் ஓடுபவை கிடைக்கும். அந்தச் சாக்கெட்டின் பின்கள் முடியை விடச் சற்றே தடிமன், விரல் பட்டாலே வளையும். ஒரு பின் வளைந்தாலும் ஓடும் போர்டு ஸ்கிராப் போர்டாகிவிடலாம். பிராசசரை எடுத்த கையோடு பிளாஸ்டிக் மூடி போட்டுவிடுங்கள். மூடி இல்லையென்றால் பிராசசரை அதிலேயே விட்டு வையுங்கள்.

பின் உள்ள பிராசசர்களைப் பஞ்சு போன்ற ஃபோமில் குத்தி வையுங்கள். பையில் கொட்டிக் குலுக்கினால் பின்கள் ஒன்றோடொன்று சிக்கி ஒடியும்.

முலாம்:

ராம் விரல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

விரல்களில் இருப்பது கடினத் தங்கமுலாம், அடியில் நிக்கல், அதற்கடியில் செம்பு. நல்ல முலாம் என்றால் தடிமன் 0.76 மைக்ரான். 1 சதுர செ.மீ. பரப்பில் அந்தத் தடிமனுக்குத் தங்கம் ஏறக்குறைய 1.5 மில்லிகிராம். 168 பின் எஸ்டிராம் (பழைய ராம் வகை) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விரல் சுமார் 1 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. நீளம். 168 விரலும் சேர்ந்து 4.2 சதுர செ.மீ. ஆக ஒரு ராமின் விரல்களில் அதிகபட்சம் 6 மில்லிகிராம் தங்கம். ஒரு ராம் 15 முதல் 20 கிராம் எடை என்று வைத்தால் 2 கிலோவில் நூற்றுச் சொச்சம் இருக்கும். எல்லாமே நல்ல முலாம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு கிராமைத் தொடாது. பல தயாரிப்புகளில் முலாம் இதை விட மெல்லியது.

ஆனால் ராமின் மதிப்பு விரலோடு முடிவதில்லை. ஒவ்வொரு சிப்புக்குள்ளும் சிலிக்கானையும் கால்களையும் இணைக்கும் மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. பழைய சிப்புகளில் அவை தங்கம், 25 மைக்ரான் தடிமன். 3 மி.மீ. நீளமுள்ள ஒரு கம்பியில் 0.03 மில்லிகிராம் அளவுக்குத் தங்கம் வரும். கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும், ஒரு ராமில் இப்படி நூற்றுக்கணக்கான கம்பிகள். அதனால்தான் உருக்காலைக்காரர்கள் ராமை முழுதாகக் கேட்கிறார்கள். விரலை வெட்டினால் மீதிப் பலகை வேறு ரகத்துக்கு இறங்கிவிடும். ராமை வெட்டாதீர்கள், விரல் தங்க நிறமா, வெள்ளை நிறமா என்று மட்டும் பிரியுங்கள். வெள்ளை என்றால் வெள்ளி அல்ல, தகரம். 72 பின் சிம் (எஸ்டிராமுக்கும் முந்தைய வகை) ராமில் இந்த வெள்ளை வகை நிறைய வரும்.

புதுத்திருகு:

அப்படியானால் பிசிஐ கார்டு விரலையும் வெட்ட வேண்டாமா அண்ணா?

முலாம்:

அங்கே விடை வேறு. கார்டில் பெரும்பாலும் ஒன்றிரண்டு சிப் மட்டும் இருக்கும், மீதி வெற்றுப் பலகை. அந்தக் கார்டின் சிறந்த பகுதியே விரல்தான். அதை வெட்டி எடுப்பதில் நியாயம் இருக்கிறது. தகரம் வெட்டும் கத்தரியால் தங்க விளிம்பிலிருந்து 1 முதல் 2 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். பச்சைப் பலகை ஒட்டிக்கொண்டு வந்தால் எடை கூடும், ரகம் இறங்கும். ரம்பமோ கிரைண்டரோ வேண்டாம். பலகை கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்தது, அறுத்தால் வரும் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. கத்தரி தூள் கிளப்பாது.

வெட்டும் முன் விரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்லாட்டில் செருகி எடுத்த தடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் தங்கம் தேய்ந்து நிக்கல் எட்டிப்பார்க்கிறது, மெல்லிய முலாம் என்று அர்த்தம். மலிவான கார்டுகளில் விரலுக்கும் பலகையின் மற்ற பட்டைகளுக்கு இருப்பது போன்ற வேதி முலாமே இருக்கும். அதன் தடிமன் 0.05 முதல் 0.1 மைக்ரான். மேலே போட்ட கணக்கில் எட்டில் ஒரு பங்கு, சில சமயம் பதினைந்தில் ஒரு பங்கு. பார்வைக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான். பலகை முழுக்கத் தங்க நிறப் புள்ளிகளாக மின்னுவதைக் கண்டு மயங்க வேண்டாம்.

மின்தேக்கி47:

டான்டலம் என் பகுதி. மஞ்சளாக இருப்பதெல்லாம் டான்டலம் அல்ல, கறுப்பாக இருப்பதெல்லாம் டான்டலம் இல்லை என்றும் சொல்ல முடியாது. முதலில் பலகையில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். கெப்பாசிட்டர் என்றால் பக்கத்தில் ஆங்கில சி, பிறகு எண். எல் என்றால் காயில், எஃப் என்றால் ஃபியூஸ், ஆர் என்றால் ரெசிஸ்டர். மோல்டு செய்த காயிலும் சில ஃபியூஸ்களும் அச்சு அசலாக டான்டலம் போலவே இருக்கும்.

அடுத்து கோடு. டான்டலத்தில் ஒரு ஓரத்தில் இருக்கும் பட்டை பாசிட்டிவ் பக்கத்தைக் காட்டும். உருளையான அலுமினியம் கெப்பாசிட்டரில் பட்டை நெகட்டிவ் பக்கம். மேலே 107 என்று இருந்தால் 100 மைக்ரோ ஃபாரட், 226 என்றால் 22 மைக்ரோ ஃபாரட்.

இதிலும் தெளியாவிட்டால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கட்டிங் பிளையரில் நறுக்கிப் பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. டான்டலம் என்றால் ரெசினுக்குள் கரிய நிறத்தில் அழுத்திச் செய்த கட்டி ஒன்று, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பி. அடுக்கடுக்காகத் தகடு தெரிந்தால் அலுமினியம் பாலிமர். கம்பிச் சுற்று தெரிந்தால் காயில். ஒன்றை நறுக்கினால் போதும், அதே தோற்றம், அதே எழுத்துரு உள்ளவை எல்லாம் ஒரே கூட்டம்.

எடுக்க ஹீட் கன் தேவையில்லை. போர்டை வைஸில் நிமிர்த்திப் பிடியுங்கள். 6 மி.மீ. உளியைக் கெப்பாசிட்டரின் அடியில், கால் தகடு பலகையைத் தொடும் இடத்தில் படுக்கையாக வைத்து லேசாகத் தட்டுங்கள். உடலின் நடுவில் தட்டினால் நொறுங்கிவிடும். பறந்து போகாமல் இருக்க போர்டின் கீழ்ப்பகுதியைத் துணிப்பைக்குள் விட்டுக்கொள்ளலாம். பெரிய டி அளவு, அதாவது 7.3 மி.மீ. நீளமுள்ளது, ஒவ்வொன்றும் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவு வரும். சிறிய ஏ அளவு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது, அதற்கு மெனக்கெட வேண்டாம்.

டான்டலத்தைச் சூடாக்குவதோ நெருப்பில் போடுவதோ ஆபத்து. உள்ளே மாங்கனீஸ் டை ஆக்சைடு இருக்கிறது, அது ஆக்சிஜனை விடும். டான்டலம் பற்றிக்கொண்டால் கண் கூசும் வெளிச்சத்தோடு எரியும்.

திருப்புளி:

அந்தக் கடுகு போன்ற பழுப்புக் கெப்பாசிட்டர்களில் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது என்கிறார்களே, எடுக்கலாமா?

மின்தேக்கி47:

பழையதில் இருந்தது. செராமிக் அடுக்குக் கெப்பாசிட்டர்களின் உள் தகடு முன்பு பல்லேடியம், வெள்ளிக் கலவை. 1990களின் கடைசியிலிருந்து பெரும்பாலான தயாரிப்பு நிக்கலுக்கு மாறிவிட்டது. நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனால் நிக்கல் வகை தாவி ஒட்டும். பல்லேடியம் வகை சும்மா கிடக்கும், அல்லது லேசாக நகரும். நகர்வதற்குக் காரணம் இரண்டு முனைகளிலும் பூசிய நிக்கல் முலாம், அதனால் “காந்தம் அசைத்துவிட்டது, வேண்டாம்” என்று தூக்கிப்போடாதீர்கள். தெரிந்த புதிய கெப்பாசிட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும்.

இருந்தாலும் கணினி போர்டில் இதற்காக உட்கார வேண்டாம் என்பதே என் கருத்து. 2 மி.மீ. நீளமுள்ள ஒன்று 12 மில்லிகிராம் என்று கொண்டால் ஒரு கிலோவுக்கு 80,000 தேவை.

ஆனால் மதர்போர்டில் இருக்கும் பெரிய சிப்புகளை, நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் உட்பட, எடுத்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். சிப் தனி ரகம், நல்ல எடை.

செம்புக்கம்பி:

இதில் உடன்பட முடியவில்லை. சிப்பை எடுத்த போர்டு “பிடுங்கிய போர்டு” என்று கடைசி ரகத்துக்குப் போய்விடும். சிப்பில் கூடுவது சில கிராமுக்கு, போர்டில் குறைவது அரை கிலோவுக்கு. இது தவிர மதர்போர்டு எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு செம்பு, அது பலகைக்குள்ளேயே இருக்கிறது, எங்கும் போகாது. ஆனால் வாங்குபவர் உங்களுக்கு அதைத் தனியாகக் கணக்குப் பார்க்கப் போவதில்லை.

ஊகம் வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரே ரகப் போர்டு 5 எடுங்கள். முழுதாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஐந்திலும் சிப்பை எடுத்து, சிப் எடை, மீதிப் பலகை எடை இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். மூன்று எடைக்கும் ஒரே வாங்குபவரிடம் ஒரே நாளில் விலை கேளுங்கள். கழற்ற ஆன நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதி 35-ஐத் தொடும் முன் விடை கையில் இருக்கும்.

மின்தேக்கி47:

அளந்து பார்ப்பது சரியான யோசனை. டான்டலத்துக்கும் இதையே செய்ய வேண்டும், நான் சொல்லத் தவறிவிட்டேன். சில வாங்குபவர்கள் டான்டலம் போன போர்டைக் கண்டுகொள்வதில்லை, சிலர் ரகத்தை இறக்குகிறார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே உடைந்த, சிப் போன போர்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், இருப்பதை எடுத்துவிடலாம்.

ஃப்ளக்ஸ்:

மறுபயன்பாட்டுக்காகச் சிப், மாஸ்பெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), பயாஸ் ஐசி (போர்டின் தொடக்க மென்பொருள் உள்ள சிப்) எடுப்பவர்களுக்கு மட்டும் சூடு பற்றி. பழைய போர்டில் ஈயம் கலந்த சால்டர், 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயத் தடை 2006 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதையொட்டி வந்த போர்டுகளில் பெரும்பாலும் தகரம், வெள்ளி, செம்புக் கலவை, 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். இந்த 34 டிகிரி வித்தியாசம் தெரியாமல் ஒரே சூட்டில் இழுத்தால் பட்டை பலகையோடு பிய்ந்து வரும்.

புதிய போர்டில் எடுக்க வேண்டிய கால்களில் முதலில் ஈயச் சால்டரை ஏற்றிக் கலந்துவிடுங்கள், கலவை கீழே இளகும். ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக இளகி ஓட உதவும் பசை) தாராளமாகப் போடுங்கள். ஹீட் கன் 300 முதல் 350 டிகிரி, ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமாக ஓட வேண்டும். சால்டர் மங்கலிலிருந்து பளபளப்புக்கு மாறும் நொடியைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் ட்வீசர் நுனியால் சிப்பை மெல்லத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகர்ந்து தானாகத் திரும்பி வரும். அப்போது தூக்குங்கள். நகராவிட்டால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள்.

பலகையில் பாப்கார்ன் போலச் சத்தம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அடுக்கு பிரிந்துவிட்டது. ஈரமான இடத்தில் கிடந்த போர்டை 100 முதல் 125 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து எடுக்க வேண்டும். சமையல் அடுப்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பலகை பழுப்பாகி எரிந்த பிளாஸ்டிக் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் சேர்த்த எபாக்ஸி அது, கருகினால் டயாக்சின் வகை நச்சு வரும். சால்டரை உருக்கப் போர்டை அடுப்பில் வாட்டுவதும், குவித்துக் கொளுத்துவதும் இதனால்தான் அவ்வளவு கேடு. ஈயம் இந்தச் சூட்டில் ஆவியாகாது, அது உடலுக்குள் போவது கை வழியாக. வேலைக்கு நடுவில் எதையும் வாயில் வைக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வேலைத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

முலாம்:

அமிலக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை. வீட்டில் வேண்டாம் தம்பி. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

நைட்ரிக் அமிலத்தில் சால்டர் ஒட்டிய பாகத்தைப் போட்டால் தகரம் கரையாது, வெள்ளைக் கூழாக மாறும். அந்தக் கூழ் வடிதாளை அடைத்து, தங்கத் துணுக்குகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) தங்கம் கரைந்தாலும், கரையாத செம்பு ஒரு துண்டு அடியில் இருந்தால் கரைந்த தங்கம் அதன் மேல் திரும்பப் படிந்துவிடும். இரண்டிலும் கடைசியில் கண்ணுக்குத் தெரிவது அழுக்குத் தண்ணீர்.

வரும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. மூச்சில் போனவுடன் கொஞ்சம் இருமல், பிறகு சரியானது போலத் தோன்றும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். துணி முகமூடியும், திறந்த ஜன்னலும் இதற்குக் காப்பல்ல. மிச்சமாவது செம்பு, நிக்கல், ஈயம் கரைந்த அமிலத் தண்ணீர். அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றினால் கிணற்றுக்குப் போகும். மேலே போட்ட கணக்குப்படி உங்கள் ராம் விரல் அத்தனையிலும் ஒரு கிராம் தங்கம்கூட இல்லை. பிரித்த பொருளை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய செராமிக் பாகங்களை இடித்துத் தூளாக்குவதும் வேண்டாம். சில வகைகளில் பெரிலியம் ஆக்சைடு உண்டு, அந்தத் தூள் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

புதுத்திருகு:

அமில யோசனையை விட்டுவிட்டேன். நன்றி அண்ணா. செராமிக் பிராசசர் 6, பவர் சப்ளை 15 மிச்சம் இருக்கிறது.

பழையபலகை:

செராமிக்கை எதுவும் செய்யாதீர்கள். 1989-இல் வந்த 168 பின் 486-உம், 1995-இல் வந்த 387 பின் பெண்டியம் புரோவும் தங்கம் மிகுந்தவை என்று எல்லோரும் தேடுபவை. பெண்டியம் புரோ நீள்சதுரமாகப் பெரிதாக இருக்கும், பார்த்தவுடன் தெரியும். அடியில் தங்க நிற மூடி இருக்கிறதா, பின்கள் முழுதாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மூடியைக் காந்தம் இழுத்தால் போலி என்று எண்ண வேண்டாம். இரும்பு, நிக்கல், கோபால்ட் கலந்த கோவார் உலோகத்தின் மேல் பூசிய தங்கம் அது. பச்சை, பழுப்புப் பலகையில் வந்த பிற்காலப் பிராசசர்களைச் செராமிக்கோடு சேர்க்காதீர்கள். பின் இல்லாத எல்ஜிஏ வகை இன்னொரு குவியல்.

செம்புக்கம்பி:

பவர் சப்ளையைத் திறப்பதானால் உள்ளிருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களை நினைவில் வையுங்கள். 230 வோல்ட் லைனில் ஓடியது என்றால் சுமார் 325 வோல்ட் வரை தேக்கியிருக்கும். பல மாதம் கிடந்தது தானே வடிந்திருக்கும், ஆனாலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. வோல்ட் காட்டினால் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இரண்டு காலுக்கும் குறுக்கே பத்து நொடி பிடித்து, மறுபடி அளந்து பாருங்கள். திருப்புளியால் ஷார்ட் செய்தால் வெடிச் சத்தத்தோடு உலோகம் தெறித்துக் கண்ணில் படும்.

உள்ளே பழுப்பு நிற ஒற்றை அடுக்குப் பலகை, கடைசி ரகம். அதைப் பச்சைப் போர்டு மூட்டையில் ஒன்றுகூடப் போடாதீர்கள். பலன் தருவது வயர் கட்டு, அலுமினியம் ஹீட் சிங்க் (டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு), டிரான்ஸ்ஃபார்மர் செம்பு. டிரான்ஸ்ஃபார்மரின் ஃபெரைட் உள்ளகத்தை (கல் போன்ற கறுப்புப் பகுதியை) உடைத்தால்தான் செம்பு வரும், அந்த நேரத்துக்கு வயர் வேலையை முடித்துவிடலாம். 15 சப்ளை என்றால் வயரை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டு மீதியை மூடியபடியே கொடுப்பதுதான் என் யோசனை.

புதுத்திருகு:

கடைசியாக ஒன்று. கறுப்பு ஸ்லாட் உள்ள மூன்று மதர்போர்டைத் தனியே எடுத்துவிட்டேன். அதில் ஒன்றில் நீல நிற உருளைப் பேட்டரி, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருக்கிறது. பிழைக்குமா?

பழையபலகை:

அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம். கசிந்தது காரம், பச்சையாகத் தெரிவது அரித்த செம்பு. கையுறை போட்டுக்கொண்டு இன்றைக்கே காலோடு வெட்டி எடுங்கள், ஒரு நாள் தாமதித்தால் இன்னும் ஒரு தடம் போகும். வெட்டியதைக் காட்மியம் என்று எழுதித் தனி டப்பாவில் வையுங்கள். வெள்ளை வினிகரைப் பழைய பல் துலக்கியில் தொட்டு பூத்த இடத்தைத் தேயுங்கள். நுரைப்பது நின்றதும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். பிறகு பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் கீபோர்டு சாக்கெட் வரை ஒவ்வொரு தடத்தையும் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். இரண்டு மூன்று தடம் அறுந்திருந்தால் மெல்லிய எனாமல் கம்பியால் மேலே இணைத்துவிடலாம். உள் அடுக்கு வரை அரித்திருந்தால் அதை மட்டும் பச்சைப் போர்டு மூட்டையில் சேர்த்துவிடுங்கள்.